தருமபுரத்து லாடப் பட்டறையும் அதற்கு வேண்டிய சங்கமும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில், தருமபுரத்தைத் தாண்டி விசுவமடுவை அடைவதற்கு முன், வீதியை விட்டுச் சற்று உள்ளே ஒரு கொல்லப்பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. மண்வெட்டிக்குப் பிடி போடவும் கத்தி தோய்க்கவும் வருகிறவர்களே அங்கு அதிகம். ஆனால் கண்டாவளை, உடையார்கட்டு, ஒட்டுசுட்டான் என்று பல பக்கங்களிலிருந்தும் வண்டில் மாடு வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் அந்தப் பட்டறையைத் தேடிப் போவது மாட்டுக்கு லாடம் அடிப்பதற்காக. எங்கள் வீட்டுச் சோடிக்கு நீண்ட காலமாக அந்தப் பட்டறைக்காரரிடந்தான் லாடம் அடித்து வருகிறோம். அந்தச் சேவை எப்படிப்பட்டது, அதில் எது சிறப்பு, எது குறை என்பதை மாடு வைத்திருக்கும் மற்றவர்களுக்குச் சொல்வதற்காக இதை எழுதுகிறேன்.

வயலோடும் மேய்ச்சல் தரையோடும் நிற்கும் மாட்டுக்கு லாடம் தேவையில்லை. மாட்டின் குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் வளர்கிறது; சேற்றிலும் புல்லிலும் நடக்கும்போது தேய்மானம் அந்த வளர்ச்சிக்குள் அடங்கிவிடும். நெல் மூட்டையோ விறகோ எருவோ ஏற்றிய வண்டிலைக் கிரவல் வீதியிலும் தார் வீதியிலும் நாள்தோறும் இழுக்கும் மாட்டின் நிலை வேறு. போருக்குப் பிறகு எங்கள் பெரிய வீதிகள் காப்பெற் வீதிகளாகிவிட்டன. வாகனங்களுக்கு அது நன்மை. இரும்பில்லாத குளம்பு அங்கு தேய்கிறது, மழை நாளில் சறுக்கவும் செய்கிறது. குளம்பு பிளவுபட்டிருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு லாடம் வேண்டும். ஆகவே ஒரு மாட்டுக்கு எட்டு, சோடிக்குப் பதினாறு. குதிரைக்கு லாடம் அடிப்பவர் நான்கோடு முடித்துக்கொள்ளும் வேலையை மாட்டுக்கு அடிப்பவர் எட்டாகச் செய்ய வேண்டும். அதுவும் குதிரையின் குளம்புச் சுவரை விட மெல்லிய சுவரில்.

இந்த வேலையில் நல்லவரையும் சாதாரணமானவரையும் முதலில் பிரித்துக் காட்டுவது ஆணி அடிக்கும் கை அல்ல, மாட்டை விழுத்தும் விதம். குதிரை மூன்று காலில் நின்றுகொண்டு நான்காவது காலைக் கொடுக்கும். வண்டில் மாடு அப்படி நெடுநேரம் நிற்காது. அதைக் கிடத்தித்தான் ஆக வேண்டும். அசைபோடும் விலங்கின் பெருவயிறு நிறைந்திருக்கும்போது அதைப் பக்கவாட்டில் கிடத்தினால் வாயு வெளியேற வழியில்லாமல் வயிறு உப்பும், சில வேளைகளில் தீனி மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதனால் இவர் நாள் குறித்துக் கொடுக்கும்போதே, “முதல் நாள் பின்னேரத்துக்குப் பிறகு தீன் வைக்காதையுங்கோ தம்பி” என்று சொல்லிவிடுகிறார். தீன் தின்ற மாட்டோடு போனால் மறுநாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார். தூரத்திலிருந்து வந்தவர்கள் முகம் கோணினாலும் அவர் இளகுவதில்லை. இந்த ஒரு பிடிவாதத்துக்காகவே நான் அவரை மற்றவர்களுக்குச் சொல்வேன்.

மாட்டை விழுத்தும் இடத்தை மணல் பரப்பி அதன்மேல் வைக்கோல் போட்டு வைத்திருக்கிறார். இறுகிய தரையில் பாரமான மாடு ஒரே பக்கமாகக் கிடந்தால் முன்காலுக்குப் போகும் நரம்பு தோளுக்கடியில் நசுங்கிக் கால் விறைத்துப்போகக்கூடும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர் அவர். கயிற்றைக் கழுத்தில் தொடங்கி முன்கால்களுக்குப் பின்னாலும் இடுப்புக்கு முன்னாலும் உடலைச் சுற்றி வரும்படி போட்டு, பின்னாலிருந்து ஒரே சீராக இழுக்கிறார். அந்த அழுத்தத்தில் மாடு தானாகவே முழங்கால் மடித்துப் படுத்துவிடுகிறது. வாலை முறுக்குவதில்லை, அடிப்பதில்லை, கத்துவதில்லை. மாட்டின் சொந்தக்காரர்தான் தலைமாட்டில் இருந்து பிடிக்க வேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் ஒழுங்கு. பழகிய குரல் காதில் விழுந்துகொண்டிருந்தால் மாடு பாதி அடங்கிவிடும் என்கிறார். பிறகு கால்களைத் தடியோடு சேர்த்துக் கட்டிக் குளம்பைப் பார்க்கத் தொடங்குகிறார்.

நான் மிகவும் மதிக்கும் பகுதி அங்கேதான் ஆரம்பமாகிறது. பழைய லாடத்தைக் கழற்றியவுடன் அதை எறிந்துவிடாமல் எந்த ஓரம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். மாட்டின் பின்னங்காலில் வெளிப்புறக் குளம்பும் முன்னங்காலில் உட்புறக் குளம்பும் கூடுதலான பாரத்தைத் தாங்குகின்றன. நுகத்தில் எந்தப் பக்கம் கட்டப்படுகிறது என்பதற்கேற்பவும் தேய்மானம் மாறும். இதையெல்லாம் அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, ஆனால் தேய்ந்த இரும்பைப் பார்த்தே, “இவன் வலத்தையிலை கட்டிற மாடு, நுகம் கொஞ்சம் சரிஞ்சு கிடக்குது” என்று சொல்கிறார். எங்கள் வீட்டு நுகத்தை அவர் சொல்லித்தான் திருத்தினோம். அதன் பின் லாடங்கள் சமமாகத் தேய்கின்றன.

குளம்பைச் சீவும்போது வளர்ந்த கொம்புப் பகுதியை மட்டும் எடுக்கிறார். குளம்புச் சுவரும் அடிப்பாகமும் சேரும் இடத்தில் வெளிறிய ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டுக்கு வெளியே உயிரில்லாத கொம்பு, உள்ளே இரத்தமும் நரம்பும் ஓடும் சதை. ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியே இறங்க வேண்டும். லாட ஆணியின் நுனி ஒரு பக்கம் மட்டும் சரிவாக இருக்கும். அந்தச் சரிவு உட்பக்கம் பார்த்தபடி அடித்தால் ஆணி வெளிப்பக்கமாக வளைந்து சுவரைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். திருப்பிப் பிடித்து அடித்தால் சதைக்குள் போகும். இவர் ஒவ்வொரு ஆணியையும் விரலால் தடவிச் சரிவைத் தெரிந்துகொண்டே வைக்கிறார். முதல் இரண்டு தட்டும் மெதுவாக இருக்கும். சத்தம் மந்தமாகக் கேட்டாலோ மாடு காலை வெடுக்கென்று இழுத்தாலோ அந்த ஆணியை உடனே பிடுங்கி வேறிடத்தில் அடிக்கிறார். வெளியே வந்த நுனியை முறித்து, மிச்சத்தை மடக்கி, அரத்தால் ராவி விடுகிறார். கை வைத்துத் தடவினால் எதுவும் குத்தாது.

லாடத்தையும் அவரே செய்கிறார். மெல்லிய இரும்பைக் காய்ச்சித் தட்டிப் பிறைபோல வளைத்து, வெளி ஓரத்தில் மட்டும் துளை போட்டு, நன்றாக ஆறிய பிறகுதான் குளம்பில் வைக்கிறார். பழைய லொறியின் வில்லுத் தகட்டில் செய்து தரும்படி கேட்கிறவர்களுக்கு அவர் மறுத்துவிடுவது சரியென்றே எனக்கும் படுகிறது. அந்த உருக்கு நெடுநாள் தேயாதுதான், ஆனால் தார் வீதியில் சறுக்கும். பாரத்தோடு சறுக்கி விழுந்த மாட்டைப் பார்த்தவர்கள் இரும்பின் ஆயுளைக் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

சவாரி மாடுகளை, அதாவது வண்டில் ஓட்டப் போட்டிக்கான மாடுகளை, கொண்டு வருகிறவர்களுக்கும் ஒரு சொல். திருக்கல் எனப்படும் சவாரி வண்டிலில் ஓடும் மாடு பெரும்பாலும் மண் திடலில்தான் ஓடுகிறது. அத்தகைய மாட்டுக்கு அவர் லாடம் அடிக்க அவசரப்படுவதில்லை. குளம்பைச் சீவி இரு பக்கமும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, அதற்குரிய சிறு கூலியோடு அனுப்பிவிடுகிறார்.

கூலியை முதல் கயிறு போடுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார், இடையில் கூட்டுவதில்லை. ஒரு கிழமைக்குள் லாடம் கழன்றால் கூலியின்றித் திரும்ப அடித்துக் கொடுக்கிறார். வீட்டுக்கு வரச் சொன்னால் மோட்டார் சைக்கிளுக்கான பெற்றோல் செலவு தனி.

குறைகளும் உண்டு. ஆணிகளையும் சீவும் உளியையும் ஒரு மாட்டிலிருந்து அடுத்த மாட்டுக்குப் போகும்போது கழுவும் வழக்கம் அவரிடம் இல்லை. குளம்பழுகல் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பரவக்கூடியது. ஆணிக் காயம் ஏற்புவலிக்கும் (ரெற்றனஸ்) வழி திறக்கும். நான் கேட்டபின் எங்கள் மாட்டுக்கு மட்டும் தொற்றுநீக்கித் திரவத்தில் தோய்த்து எடுத்தார், ஆனால் எல்லோருக்கும் அப்படிச் செய்வதாகத் தெரியவில்லை. எந்த மாட்டுக்கு எப்போது அடித்தார் என்ற குறிப்பு எதுவும் இல்லை; எல்லாம் ஞாபகத்தில்தான். அறுவடைக் காலத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டால் மாடுகள் வெயிலில் காத்து நிற்க நேர்கிறது, அங்கு நிழலும் தண்ணீர்த் தொட்டியும் போதாது. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, அவருக்குப் பின்னால் இந்த வேலையைச் செய்ய ஒருவரும் இல்லாதது. அவருடைய பிள்ளைகள் வேறு தொழில்களுக்குப் போய்விட்டார்கள்.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்தது தகப்பனின் துருத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான். சிறுவனாக இருந்தபோது கயிறு பிடித்தார், பிறகு கழற்றிய ஆணியை நிமிர்த்தினார், அதன் பின் குளம்பு சீவினார். உயிருள்ள மாட்டின் காலில் முதல் ஆணியை அடிக்கத் தகப்பன் விட்டபோது மீசை அரும்பியிருந்ததாம். அந்தக் காலத்தில் அரிசி ஆலைக்கும் சந்தைக்கும் வட்டாப்பளைப் பொங்கலுக்கும் சனம் வண்டிலில்தான் போனது. பிறகு லாண்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரம் வந்தது, வண்டில் குறைந்தது. இடப்பெயர்வுகளின்போது எரிபொருள் கிடைக்காத நாட்களில் மறுபடியும் வண்டில்தான் சனத்தையும் சாமானையும் சுமந்தது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்த வீதி வழியே எல்லோரும் கிழக்கே நகர்ந்தபோது பட்டடையையும் உலையையும் விட்டுவிட்டுச் சுத்தியல், குறடு, உளி மூன்றை மட்டும் சாக்கில் கட்டிக்கொண்டு போனார். முகாமிலிருந்து திரும்பி வந்தபோது பட்டறையும் இல்லை, லாடம் அடிக்க மாடுகளும் இல்லை. கட்டடக் கம்பி வளைக்கும் கூலி வேலைக்குப் போய், மீளக் குடியேறியவர்களின் கைக்கு மாடுகள் வரத் தொடங்கிய பின்பே பழைய தொழிலுக்குத் திரும்பினார். இத்தனை ஆண்டுகள் கைவிடாத ஒரு தேர்ச்சிக்கு அவரிடம் ஒரு துண்டுக் கடதாசிகூடச் சான்றாக இல்லை. எந்தச் சங்கத்திலும் அவர் அங்கத்தவர் இல்லை.

இதை எழுதத் தூண்டியது இந்தக் கடைசி விடயம். எங்கள் அயலில் ஒருவர் செலவு மிச்சம் என்று வேறொரு ஆளைக் கூப்பிட்டு லாடம் அடிப்பித்தார். ஆணி சதைக்குள் இறங்கி, குளம்புக்குள் சீழ் கட்டி, அந்த மாடு ஒரு போகம் முழுக்க நுகத்தில் பூட்ட முடியாமல் நொண்டியது. அடித்தவர் தெரிந்து செய்யவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மாட்டைக் கொண்டுபோன சொந்தக்காரருக்கோ யார் தேர்ந்தவர், யார் தேராதவர் என்று முன்கூட்டியே அறிய எந்த வழியும் இருக்கவில்லை. மாடு நொண்டிய பின்தான் தெரிகிறது.

குதிரைக்கு லாடம் அடிக்கும் நாடுகள் இதே சிக்கலுக்குத் தீர்வு தேடியிருக்கின்றன. இலண்டனில் லாடத் தொழிலாளரின் சங்கம் 1356ஆம் ஆண்டில் தொடங்கியது. நகரில் லாடத் தொழிலாளர் செய்த பிழைகளைப் பற்றி முறைப்பாடுகள் வந்ததால், அந்தத் தொழிலை அந்தத் தொழிலாளரே கண்காணிக்க வேண்டும் என்று நகர முதல்வர் அவர்களை அழைத்து ஒழுங்குபடுத்தினார். 1674இல் இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் அதற்கு அரச சாசனம் வழங்கினார். 1890இல் அந்தச் சங்கம் பரீட்சை வைத்துத் தேர்ந்தவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதும் முறையைக் கொண்டுவந்தது. 1975இல் பிரித்தானியப் பாராளுமன்றம் லாடத் தொழிலாளர் பதிவுச் சட்டத்தை இயற்றிப் பதிவு இல்லாதவர் குதிரைக்கு லாடம் அடிப்பதையே குற்றமாக்கியது. தேர்ச்சியற்றவர் லாடம் அடிப்பதால் குதிரைகள் படும் துன்பத்தைத் தடுப்பதே நோக்கம் என்று அந்தச் சட்டத்தின் தலைப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். இன்று அங்கு இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் இளைஞர், பயிற்றுவிக்க அனுமதி பெற்ற ஒரு தொழிலாளரின் கீழ் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வேலை பழகி, இடையிடையே கல்லூரிக்கும் போய், பரீட்சையில் தேறிப் பதிவு பெற வேண்டும். அதற்கு மேலும் இரண்டு உயர்ந்த தகைமைப் படிகள் இருக்கின்றன.

அமெரிக்கர் வேறு வழியில் போனார்கள். அங்கு 1971இல் தொழிலாளர்களே கூடி ஒரு தேசியச் சங்கத்தை அமைத்தார்கள். லாடம் அடிக்க அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற பொதுவான சட்டம் அந்த நாட்டில் இல்லை. விரும்புகிறவர் சங்கத்தின் எழுத்துப் பரீட்சைக்கும் செய்முறைப் பரீட்சைக்கும் தோற்றிச் சான்றிதழ் பெறலாம். குறித்த நேரத்துக்குள் உலையில் லாடம் செய்து, உயிருள்ள குதிரையின் காலில் பொருத்திக் காட்ட வேண்டும். மற்றத் தேர்ந்த தொழிலாளர்கள் புள்ளியிடுகிறார்கள். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் தொழிலாளர் தாமாகவே ஒருவரையொருவர் சோதிக்க முன்வந்தது எனக்குப் பெரிய செயலாகத் தெரிகிறது.

இந்த இரண்டு நிகழ்வுகளின் காலத்தையும் கவனிக்க வேண்டும். 1971உம் 1975உம் குதிரைகள் நிறைந்திருந்த காலமல்ல. உழவு இயந்திரமும் லொறியும் குதிரையைப் பண்ணையிலிருந்தும் வீதியிலிருந்தும் அகற்றி, பழைய லாடக்காரர்கள் மூப்படைந்து குறைந்துபோனபின், சவாரிக்கும் பந்தயத்துக்கும் பொழுதுபோக்குக்கும் குதிரை வளர்ப்போர் பெருகி வந்த காலம் அது. தொழில் மெலிந்திருந்தபோதுதான் அதைத் தாங்கும் அமைப்புகள் வலுப்பெற்றன. வன்னியில் இன்று இருக்கும் நிலை அதற்கு மிக நெருக்கமானது. பாரம் இழுக்கும் வண்டில் அருகிவிட்டது, சவாரி வளர்ந்திருக்கிறது, சவாரிக்காரருக்குச் சங்கங்கள் உண்டு, அவற்றுக்குத் தலைவரும் செயலாளரும் விதிமுறைகளும் உண்டு. அந்த மாடுகளின் காலைப் பார்ப்பவருக்கு மட்டும் எதுவும் இல்லை.

ஆட்கள் குறைவு, சங்கம் எப்படி நடக்கும் என்று கேட்பார்கள். ஆட்கள் குறைவாக இருப்பதே சங்கத்துக்கான முதற் காரணம் என்று நான் நினைக்கிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கு மாவட்டங்களிலும் இந்த வேலை தெரிந்தவர்கள் ஒரு மண்டபத்தில் ஒரு நாள் கூடினால் போதும், தொடங்கிவிடலாம். கள்ளுத் தவறணைகள் குத்தகைக்காரர் கையில் இருந்த காலத்தில் கள்ளுச் சீவும் தொழிலாளி பேரம் பேசும் நிலையில் இருக்கவில்லை. 1970களில் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபின்புதான் அவர் தன் உழைப்புக்கு விலை சொல்லும் இடத்துக்கு வந்தார். பிறப்பை வைத்துத் தொழிலை மதிப்பிடும் எங்கள் சமூகத்தில் அங்கத்துவ அட்டையும் சங்கக் கணக்குப் புத்தகமும் எவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும் என்பதை வடக்கு ஏற்கெனவே கண்டிருக்கிறது. லாடத் தொழிலை அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே தொடர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அப்போதுதான் உடையும். கை திறமை உள்ள எந்த இளைஞரும் எந்தப் பெண்ணும் வந்து பழகலாம் என்ற நிலை வரும்.

அரசாங்கத்தின் பக்கத்திலும் கதவுகள் உண்டு. வகுப்பறையில் படிக்காமல் கைப்பழக்கத்தால் தேர்ந்தவர்களைச் சோதித்துத் தகைமை வழங்கும் ஏற்பாடு தேசிய தொழிற்தகைமை முறையில் இருக்கிறது. குளம்பழுகல், ஏற்புவலி, கருவிகளைச் சுத்தம் செய்தல் பற்றிச் சொல்லிக் கொடுக்கக் கால்நடை வைத்தியர்கள் இருக்கிறார்கள். 1907ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் வதை நடந்தபின் தண்டிப்பது. நடக்குமுன் தடுப்பது பயிற்சி பெற்ற கைகளால்தான் முடியும். பட்டறைக்காரரிடம் நான் இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவர் நெடுநேரம் குறட்டைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, “எனக்குக் கடதாசி தேவையில்லைத் தம்பி. பழக ஒரு பெடியனைத் தந்தால் போதும். அந்தப் பெடியனுக்குக் கடதாசி குடுக்கிற சங்கமெண்டால் நான் வாறன்” என்றார். சவாரிச் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் இதைப் படித்தால், அடுத்த கூட்டத்தில் இந்த விடயத்தை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு பயிலுநருக்கு மாதாந்தம் ஒரு கொடுப்பனவை உங்கள் போட்டி வருமானத்திலிருந்து ஒதுக்குவது உங்கள் மாடுகளுக்கே செய்யும் செலவு.

அவரிடம் போக எண்ணுகிறவர்கள் காலபோக அறுவடை தொடங்குவதற்கு முன்பே போய்விடுவது நல்லது. அறுவடை தொடங்கிவிட்டால் நாள் கிடைப்பது அரிது. காலை வெயில் ஏறுமுன் மாடு அங்கு நிற்க வேண்டும், முதல் நாள் பின்னேரத்திலிருந்து தீன் வைக்காமல். தலைமாட்டில் பிடிக்க மாட்டுக்குப் பழகிய ஒருவரும், குடிக்கக் கொடுக்க ஒரு வாளித் தண்ணீரும், தொற்றுநீக்கிப் போத்தல் ஒன்றும் உங்களோடு போகட்டும். ஆணிகளை அதில் தோய்த்து எடுக்கச் சொன்னால் அவர் மறுப்பதில்லை. வீட்டுக்கு வந்தபின் முதல் இரண்டு மூன்று நாட்களும் குளம்பைத் தொட்டுப் பாருங்கள். ஒரு குளம்பு மற்றவற்றை விடச் சூடாக இருந்தாலோ மாடு அந்தக் காலை ஊன்றத் தயங்கினாலோ காத்திருக்காமல் அவருக்குச் சொல்லி அந்த ஆணியைக் கழற்றுவியுங்கள். சீழ் தெரிந்தால் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வீதியில் நாளாந்தம் இழுக்கும் மாடாக இருந்தால், லாடம் தேயாதது போலத் தெரிந்தாலும் இரண்டு மாதம் தாண்ட விடாமல் கழற்றிக் குளம்பைச் சீவுவிக்க வேண்டும்; இரும்புக்கு அடியில் குளம்பு வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.